ராஜமாணிக்கம் ஆடிப் பார்த்தார்

"எதுத்தாப்புல ஒரு கரும்பு டிராக்டர் கூட வரலியே! பெண்ணாடம் ரோட்டுல இப்பிடி ஓட்ட முடியுமா? பொய்யான கேமு."

கார் ரேஸ் ஆடி முடித்த ராஜமாணிக்கம் ரிமோட்டைக் கீழே வைத்தார். ஜெசி டீ கிளாஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அவளுடைய வீடியோ கேம் கடை, பீங்கான் பட்டறைக்காரர்கள் சங்கத்துக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தது. இரண்டு டி.வி., இரண்டு கேம் பெட்டி. வளையலை விற்று வாங்கியவை. பட்டறைக்காரர்களின் பிள்ளைகள் டியூஷனுக்குப் போகாமல் அங்கேயே கிடக்கிறார்கள், கடையைக் காலி பண்ணச் சொல்ல வேண்டும் என்று சங்கத்தில் ஒரே கூச்சல்.

தலைவர் பழமலைநாதன்தான், "எடுத்தேன் கவுத்தேன்னு சொல்லக் கூடாது. நம்மள்ல ஒருத்தர் போயி ஒவ்வொரு கேமா ஆடிப் பாத்துட்டு வரட்டும். அப்புறம் முடிவு பண்ணலாம்" என்று நிறுத்தி வைத்திருந்தார்.

அந்த ஒருத்தராக ராஜமாணிக்கமா வந்து வாய்க்க வேண்டும்? தன் சூளையில் வெந்த கப்பில் ஊசி முனை அளவு புள்ளி இருந்தாலும் போட்டு உடைக்கிறவர். எந்தக் கல்யாணச் சாப்பாட்டிலும் உப்பு அவருக்குச் சரியாக இருந்ததே இல்லை.

"அடுத்தத போடும்மா."

துப்பாக்கி கேமைப் போட்டாள்.

"சுட்டாலும் எழுந்து வர்றான், செத்தாலும் எழுந்து வர்றான். அப்புறம் என்னாத்துக்குச் சுடணும்?"

"அப்ப நிறுத்திடவாங்கய்யா?"

"இரு, இரு. அந்தச் செவுத்துக்குப் பின்னால ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான். அவன மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."

அவனைப் பார்த்துவிட்டு வருவதற்குள், அவருக்கு வாங்கி வைத்த டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

மறுநாள் கிரிக்கெட்.

"அம்பயர் அவுட்டுன்னா ஒருத்தனும் சண்டைக்கு நிக்காம பேட்ட தூக்கிக்கிட்டுப் போறான். இதெல்லாம் ஒரு கிரிக்கெட்டா?"

அதற்கு அடுத்த நாள், இரண்டு பேர் எகிறி எகிறி உதைத்துக்கொள்ளும் கேம்.

"எதுக்கும்மா அடிச்சிக்கிறானுங்க? பங்காளிங்களா? வரப்புத் தகராறா?"

"அதெல்லாம் இல்லீங்கய்யா. சும்மா சண்டைதான்."

"காரணமே இல்லாம எவனாவது அடிச்சிக்குவானா? தப்பான கேமு. எங்க, இன்னொரு வாட்டி போடு."

கடைசியாக, கட்டை அடுக்குகிற கேம். மேலேயிருந்து விழும் கட்டைகளைச் சந்து இல்லாமல் அடுக்கினால் பாயிண்ட். ராஜமாணிக்கம் ஒவ்வொரு கட்டைக்கும் நடுவில் ஒழுங்காகச் சந்து விட்டு அடுக்கினார். கட்டைகள் மளமளவென்று உச்சிக்கு ஏறி, ஆட்டம் முடிந்தது.

"அய்யா, சந்து வுடாம அடுக்கணும்."

"சந்து வுடாம அடுக்கினா தீ எந்த வழியாம்மா போவும்? காலம் பூரா சூளை அடுக்கின கை இது. இதுக்குப் போயி நீ சொல்லித் தர்றியா?"

மறுபடி ஆடினார், மறுபடி தோற்றார். பின்னால் நின்றிருந்த பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ராஜமாணிக்கம் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

கதை முடிந்தது என்று ஜெசிக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். மாதா கோயில் பூசை முடிந்து நேராக வந்து, கதவோரம் நின்றுகொண்டாள்.

"எல்லாத்தையும் ஆடிப் பாத்தேன்" என்று எழுந்தார் ராஜமாணிக்கம். "காரு, துப்பாக்கி, கிரிக்கெட்டு, ஒத... எல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம். பெரிய குத்தம் ஒண்ணும் இல்ல."

ஜெசியால் நம்ப முடியவில்லை.

"ஆனா, கட்டை அடுக்கற கேமுன்னு ஒண்ணு இருக்குது பாருங்க." குரல் உயர்ந்தது. "சந்து வுடாம அடைச்சி அடுக்கறவனுக்குத்தான் அதுல பாயிண்டு! நாளைக்கு நம்ம சூளைய அடுக்கப் போற பசங்க, இதப் பாத்துக் கையப் பழக்கிக்கிட்டா என்னா ஆவும்? ஒரு கப்பு முழுசா வெளிய வருமா?"

கூட்டம் கொதித்துவிட்டது. "அதானே!" "ஊரு தொழிலுக்கே ஒல வைக்கிற கேமால்ல இருக்குது!"

பழமலைநாதன் மேசையைத் தட்டினார். "அந்த ஒரு கேம இன்னையோட தூக்கிடணும். மத்தபடி கடை இருந்துட்டுப் போவட்டும்."

பெரிய ஆபத்திலிருந்து ஊரைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

ஜெசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் ராஜமாணிக்கத்தின் மேல் ஆற்றாமை தீரவில்லை. இவ்வளவு பெரிய மனுஷருக்கு இவ்வளவு சின்னப் புத்தியா?

மறுநாள் சாயங்காலம் அவரே கடைக்கு வந்து உட்கார்ந்ததும், அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பசங்க எதுர தோத்துட்டோமேன்னுதான அந்த கேமு மேல பழி தீத்துக்கிட்டீங்க?"

ராஜமாணிக்கம் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தோத்தது நெசந்தான். ஆனா, நானும் இங்கயே உக்காந்து பாத்தேன். ஒரு பையனாவது அந்த கேம போடச் சொல்லிக் கேட்டானா?"

ஜெசி யோசித்துப் பார்த்தாள். ஒருத்தனும் கேட்டதில்லை.

"சரக்கு எடுக்க வர்ற யாவாரி, எதையாவது ஒண்ணக் கழிச்சாத்தாம்மா அவனுக்குத் தூக்கம் வரும். அதுக்குன்னே ஒரு கீறல் வுட்ட கப்ப மேலாப்புல வச்சிருப்போம். அதத் தூக்கிப் போட்டுட்டு, மிச்சத்தச் சந்தோஷமா வாங்கிக்கிட்டுப் போயிடுவான்."

ரிமோட்டைக் கையில் எடுத்தபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நேத்து கூட்டத்துல இருந்த அத்தன பேரும் தெனம் பண்ற வேலைதான் இது. ஒருத்தனுக்கும் வெளங்கலியே!"