என் டப்பா, அவள் டப்பா

இதைச் சொல்லும்போது எங்காவது உளறிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. பாதியில் நிறுத்தினால் என் நாத்தனார் கெட்டவளாகிவிடுவாள். அதனால் கடைசிவரை கேட்டுவிடுங்கள்.

அவளைக் கையும் ஊசியுமாகப் பிடித்தேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் அறைக்கு வந்து, தலைமாட்டு ஜன்னலில் இருந்த என் தயிர் டப்பாவைச் சாய்த்துப் பிடித்து, கோணி ஊசியால் அடியில் குத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே நீ?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்ளோ பெரிய ஊசி?"

விஷயம் இதுதான். நாத்தனார் எங்களோடு இருக்கிறாள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக் கேட்டு, கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பும் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கிறாள். அதற்காக அவள் அறையில் ஒரு வைஃபை பெட்டி வைத்திருக்கிறாள்.

அது வந்ததிலிருந்து எனக்குத் தலை கிறுகிறுப்பு. கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்திப் பார்த்தேன். கிறுகிறுப்பும் கூடவே நகர்ந்து வந்தது.

"அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல விதையே முளைக்காதாம்ங்க. வீடியோல காட்டினாங்க" என்றேன் கணவரிடம்.

"அந்த வீடியோ எப்படி உன் போனுக்கு வந்துச்சு? காக்கா கொண்டு வந்து போட்டுச்சா?"

அவருக்கு எல்லாமே விளையாட்டு. நாத்தனார்தான் வழி சொன்னாள்.

"பாத்துடலாமே அண்ணி. ரெண்டு டப்பால பயறு போடுவோம். ஒண்ணு பெட்டி பக்கத்துல, ஒண்ணு உங்க தலைமாட்டுல. என்னுது தோத்துட்டா பெட்டியை எடுத்துடறேன்."

"அப்புறம் உன் வேலை?"

"ஆபீஸ் பக்கம் ஏதாவது ஹாஸ்டல் பாத்துட்டுப் போறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

காலித் தயிர் டப்பா இரண்டு. ஒரே மண், ஒரே பயறு. இரண்டுக்கும் ஜன்னல் வெளிச்சம். தண்ணீர் ஊற்றும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். அவளிடம் விட்டால் ஏதாவது தில்லுமுல்லு செய்வாளோ என்று சந்தேகம்.

பெட்டிக்குப் பக்கத்தில் போக எனக்கு நடுக்கம். தினம் ஒருமுறை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, நாலு சொட்டுத் தெளித்துவிட்டு ஓடி வந்துவிடுவேன். என் டப்பாவுக்கு அந்தக் கஞ்சத்தனமே இல்லை. அறைக்குள் போகும்போது கொஞ்சம், வரும்போது கொஞ்சம். தூக்கம் வராவிட்டால் எழுந்து இன்னும் கொஞ்சம்.

அவள் பயறு இலைவிட்டு விறைப்பாக நின்றது. என்னுடையது முளைத்த கையோடு வெளுத்து, தலையைத் தொங்கப் போட்டது. மண்ணிலிருந்து ஒரு நாற்றம் வேறு.

ஒரு கம்பி, ஒரு பெட்டி இல்லாத அறையில் வைத்த செடி எப்படி வாடும்? யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம். இப்போது ஊசியைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது.

"ஹாஸ்டலுக்குப் போகணுமேன்னு என் செடியைக் குத்திக் கொல்றியா? ஏங்க, இங்க வாங்க! உங்க தங்கச்சி லட்சணத்தைப் பாருங்க!"

கணவர் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். டப்பாவை வாங்கித் தூக்கிப் பார்த்தார். அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் அவர் பனியன் மேல் கொட்டியது.

"அடிப்பாவி, குளமே வெட்டி வச்சிருக்கியே! இவ குத்தற வரைக்கும் தண்ணி வடிய ஒரு ஓட்டை கூட இல்ல. வேர் அழுகாம என்ன பண்ணும், நீச்சலா அடிக்கும்?"

"அவ டப்பாலயும்தான் ஓட்டை இல்ல!"

"அதுக்குத்தான் நீ தண்ணியே ஊத்தலையே!"

அவர் பனியனைப் பிழிந்துகொண்டே போய்விட்டார். நாத்தனார் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஏம்மா, ஓட்டை போட்டா என்னுது பிழைச்சிடும்னு உனக்குத் தெரியும். பிழைச்சு உன்னுதை முந்தினாலும் முந்தும். சும்மா விட்டிருந்தா நீதானே ஜெயிச்சிருப்பே? பெட்டியும் இருந்திருக்கும், நீயும் இங்கேயே இருந்திருப்பே. உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

அவள் நிமிரவில்லை.

"என் செடி செத்தா பெட்டி போகும், அவ்வளவுதானே அண்ணி. உங்க தலைமாட்டுல இருக்கறது செத்தா, இந்த ரூம்லயே ஏதோ இருக்குன்னு பயந்துடுவீங்க. ஏற்கெனவே கட்டிலை நகர்த்தியாச்சு. அப்புறம் எங்க போய்ப் படுப்பீங்க?"

துணியை அவள் கையிலிருந்து பிடுங்கி, மீதித் தரையை நான் துடைத்தேன்.

பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவளும் இருக்கிறாள், தட்டில் மிச்சம் வைப்பதில்லை. கிறுகிறுப்பு எப்போதாவது வருகிறது. வந்த வழியே போய்விடுகிறது.

என் டப்பாவில் பிழைத்த நாலு முளையையாவது காப்பாற்ற வேண்டுமே. பத்திரமான இடமாக வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய், அந்த வைஃபை பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் என் கை அடிக்கடி போகாத இடம் அது ஒன்றுதான்.