நிலைப்படி

காரைக்குடி மரப்பட்டறை வாசலில், தொண்டியிலிருந்து லாரியில் வந்திறங்கிய பாய்மரப் படகு வெயிலில் காய்கிறது. உளுத்துப்போன விளிம்புப் பலகைகளைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் பழைய தேக்கை அறுத்துப் பொருத்திக்கொண்டிருக்கிறார் ஆசாரி. அந்தத் தேக்கு, வீட்டை இடிக்கும்வரை சந்திரலேகாவின் தலைவாசல் நிலைப்படியாக இருந்தது. மரத்தை விற்ற கணவன் சேவுகப்பெருமாளோடு அவளும் வந்து நிற்கிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் பூசிய மஞ்சள், இழைப்புளியில் சுருள் சுருளாகச் சீவப்பட்டுக் காலடியில் விழுகிறது. குங்குமம் மட்டும் மரத்தின் ரேகைக்குள் ஊறிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. "அந்தச் செகப்ப உப்புத்தாள் போட்டுத் தேச்சிருங்க ஆசாரி," என்கிறான் சேவுகப்பெருமாள். கல்யாணமாகி வந்த அன்று, பட்டுச்சேலை தடுக்கி அந்தப் படியில் அவள் கால் பட்டுவிட்டது. "லட்சுமி உக்கார்ற எடத்தையா மிதிக்கிற?" என்று, பந்தலே பார்க்க அவளைக் கன்னத்தில் அறைந்தவன் இவன்தான். அதற்குப் பிறகு நிறைமாத வயிற்றோடும் அவள் அதைத் தாண்டித்தான் போனாள், வந்தாள். படகை வாங்கிய மெட்ராஸ்காரர் ஏறிப் பார்க்க வருகிறார். பளபளக்கும் விளிம்பைக் கண்டு ஒரு காலைத் தூக்கியபடியே தயங்குகிறார். சேவுகப்பெருமாள் ஓடிப்போய் அவர் கையைத் தாங்கிக்கொள்கிறான். "நல்லா மிதிச்சு ஏறுங்க சார், எதுக்கு யோசிக்கிறீக? வெறுங் கட்டதான!"

"அப்ப லட்சுமி எந்திரிச்சுப் போயிட்டாளாக்கும்?" அவன் காதில் விழும்படியே கேட்கிறாள் சந்திரலேகா. மெட்ராஸ்காரரின் ஷூக்கால், தேய்த்தும் போகாத குங்குமத்தின் மேல் அழுந்துகிறது.