இரண்டாவது கட்டில்

"ரெண்டு கட்டில் போடுறாங்களாம். ரெண்டு!"

மருமகள் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

டிவி பார்த்துக்கொண்டிருந்த கணவன், "யாரு?" என்றான்.

"உங்க அம்மாதான். அந்த டிரெய்லர்ல."

அவனுடைய அப்பா நாற்காலி, மேஜை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். அவர் போனதும் தொழிலை மூடியாயிற்று. மிச்சம் இருந்தது ஒரு வேனும், அதன் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற சரக்கு டிரெய்லரும்தான். நாலு பக்கமும் தகரம் அடைத்த பெரிய பெட்டி. அதைத்தான் அம்மா கொஞ்ச நாளாகக் குடைந்துகொண்டிருந்தாள். உள்ளேயே சமைத்து, உள்ளேயே படுத்து, ஊர் சுற்றப் போகிறாளாம்.

"சுத்தட்டுமே. வேன் ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இருக்கு. உனக்கென்ன?"

"தனியா சுத்தினா நான் ஏங்க கேக்கப் போறேன்? இன்னொரு கட்டில் யாருக்கு? அந்த வெல்டர் காலையில வந்தா பொழுது சாஞ்சுதான் போறாராம். பொண்டாட்டி இல்லாத மனுஷன். எதிர்வீட்டு அக்கா கேட்டப்ப எனக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியலை."

அவன் டிவியை அணைத்தான்.

இருவரும் அம்மா வீட்டுக்குப் போனபோது, டிரெய்லரின் பின்கதவு சாய்வுப் பலகை மாதிரி தரை வரைக்கும் இறங்கிக் கிடந்தது. அதில் ஏறி உள்ளே போனார்கள்.

தகரமே தெரியவில்லை. சுவரெல்லாம் தெர்மோகோல் வைத்து, மேலே ப்ளைவுட் அடித்திருந்தது. ஒரு பக்கம் புதிதாக வெட்டிய ஜன்னல். அடுப்பு வைக்க ஒரு பலகை. மூலையில் திரைச்சீலை போட்டு மறைத்த சின்னக் கழிப்பறை. இரண்டு பக்கமும் இரண்டு கட்டில்.

அம்மாவின் தலைமுடி முழுக்க மரத்தூள். கையில் டிரில்லிங் மெஷின்.

வெல்டர் ஒரு இரும்புக் கைப்பிடியைக் கழிப்பறைச் சுவரில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த உயரம் சரியாக்கா?"

'அக்காவாம்!' மருமகள் கணவனின் முழங்கையில் இடித்தாள்.

அம்மா கழிப்பறைக் கோப்பையின் மூடிமேல் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்து எழுந்து பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் கீழ இறக்கு தம்பி." பிறகு மகனைப் பார்த்து, "வாப்பா. என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து?" என்றாள்.

மகன் தொண்டையைச் செருமினான். "கட்டில் ரெண்டு இருக்கேம்மா..."

"ஒண்ணு எனக்கு."

"இன்னொண்ணு?"

"கூட வர்றவங்களுக்கு."

"அதான் யாருன்னு கேக்கறேன்."

"சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. கிளம்பறப்ப அவங்களே சொல்லிக்குவாங்களாம்."

மருமகள் வெல்டரைப் பார்த்தாள். அவர் கைப்பிடியை எடுத்துக்கொண்டு, வெளியே வேலை இருப்பதுபோல் இறங்கிப் போய்விட்டார்.

"நாலு பேர் நாலு விதமாப் பேசுறாங்கம்மா" என்றான் மகன்.

"பேசட்டும். அவங்களுக்கும் பொழுது போகணுமில்ல?"

மருமகளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அத்தை, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. வயசுன்னு ஒண்ணு இருக்கு. எங்க அம்மாவைப் பாருங்க. பக்கவாதம் வந்து கால் போனதுலேர்ந்து காப்பகத்துல இருக்காங்க. எங்கயாவது போகணும்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பாங்களா? வச்ச இடத்துல இருக்காங்க."

"ஏன் கேக்கலையாம்?"

"கேட்டு என்ன ஆகப்போகுது? சக்கர நாற்காலியோட எங்க ஏத்துறது, எங்க இறக்குறது? அவங்களுக்கே தெரியும்."

மாமியார் குனிந்து, கட்டில் காலில் இருந்த ஸ்க்ரூவை முடுக்கினாள். டிரில் சத்தம் பெட்டிக்குள் காதைக் கிழித்தது.

சத்தம் நின்றதும் மருமகள் குரலை உயர்த்தினாள். "நீங்க பண்றதை மட்டும் எங்க அம்மாகிட்ட சொன்னேன்னு வைங்க, தலையில அடிச்சுக்குவாங்க!"

"சொல்லிப் பாரேன்" என்றாள் மாமியார்.

மருமகளின் கைப்பையில் போன் அடித்தது. அவசரமாக எடுத்தாள். காப்பகத்து நர்ஸ்.

"மேடம், பயப்படாதீங்க, ஒண்ணும் இல்ல. உங்க மாமியாருக்குப் போட்டுப் போட்டுப் பார்த்துட்டேன். எடுக்கவே மாட்டேங்கிறாங்க. அதான் உங்களுக்குப் போட்டேன்."

"என் மாமியாருக்கா? எதுக்கு?"

"உங்க அம்மா நேத்துலேர்ந்து துணிப்பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. யாரையும் தொட விட மாட்டேங்கிறாங்க. கட்டில் மாட்டியாச்சான்னு கேக்கச் சொல்றாங்க. கடலைப் பார்த்து எத்தனை வருஷமாச்சுன்னு எல்லார்கிட்டயும் ஒரே பேச்சு."

மருமகள் பக்கத்தில் இருந்த கட்டிலில் உட்கார்ந்தாள். இரண்டில் அதுதான் தாழ்வாக இருந்தது. சக்கர நாற்காலியிலிருந்து அப்படியே நகர்ந்து உட்காரலாம்.

"எங்க... அம்மாவா?"

"ஆமா மேடம். உங்களுக்கும் ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. வேலை இருக்கு, வர முடியலைன்னு இந்த ஞாயித்துக்கிழமை நீங்க போன் பண்ண வேண்டாமாம். அவங்க ஊர்ல இருக்க மாட்டாங்களாம்."