குடத்தில் வந்த விருந்தாளி

மணமாகி ஒன்பது நாளாகியும் வேலாத்தாவிடம் மாமியார், "கூச்சப்படாத கண்ணு, இது உன்ற வீடு" என்று தினமும் சொல்ல வேண்டியிருந்தது. அன்று அவள் மலைச்சுனையிலிருந்து கொண்டுவந்த குடத்திற்குள் ஒரு தவளை இருந்தது.

"அய்யோ, சுனைக்குன்னு இருக்கறதே இந்த ஒரு தவளைதான். இது இல்லீன்னா ஊத்து வத்திப்போயிரும் கண்ணு!" என்று மாமியார் பதறினாள்.

வேலாத்தா குடத்துடன் மீண்டும் மலையேறினாள். எதிரே வந்த பெண்கள், "ஏம்புள்ள, தண்ணியத் திருப்பிக் குடுக்கப் போறியா?" என்று சிரித்தார்கள்.

"விருந்தாளிங்க அக்கா. கொண்டுபோய் விட்டுட்டு வந்தர்றேன்."

சுனையருகே குடத்தைச் சாய்த்தாள். நீரெல்லாம் வழிந்த பிறகும் தவளை வெளியே வராமல், தொண்டை துடிக்க, அடியிலேயே ஒண்டிக்கிடந்தது. அவள் குடத்தின் வாயருகே குனிந்தாள்.

"கூச்சப்படாத கண்ணு, இது உன்ற வீடு."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். தவளை ஒரே தாவலில் சுனைக்குள் மறைந்தது. வேலாத்தா குடத்தை நிறைத்துக்கொண்டு, வீட்டை நோக்கி வேகமாக இறங்கினாள்.