மடித்த ஓரம்

கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள் மகள்.

அப்பா குளிக்கப் போயிருந்தார். அம்மா அவருடைய கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, லென்ஸ் மூடியின் விளிம்பில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா! என்ன பண்றே?"

உரித்த டேப் உள்ளங்கைக்குள் ஒளிந்தது. "சும்மா, தூசி துடைச்சேன்."

"தூசியா? நேத்து அப்பா அரை மணி நேரம் உட்கார்ந்து ஒட்டினதும்மா அது!"

மகள் வந்து மூன்று நாளாகிறது. மூன்று நாளும் இதே கூத்துதான். சாயங்காலமானால் அப்பா, "சனியன் பிடிச்ச மூடி, நிக்கவே மாட்டேங்குது" என்று திட்டிக்கொண்டே உட்காருவார். போன வருஷம் வந்த பக்கவாதம் போகும்போது, வலது கையில் இரண்டு விரலைச் சொன்ன பேச்சுக் கேட்காமல் செய்துவிட்டுப் போயிருந்தது. அதனால் இடது கையால் டேப்பை இழுத்து, பல்லால் கடித்து, விளிம்பைச் சுற்றி ஒட்டுவார்.

"புது மூடி வாங்கித் தரேம்ப்பா" என்றால் கேட்கமாட்டார்.

"எதுக்கு? டேப் இல்லேன்னா வெல்வெட் துணியை ஒட்டலாம். அதுவும் இல்லேன்னா ஒரு ரப்பர் பேண்ட். எல்லாம் வீட்லயே கிடக்கு. இதுக்குப் போய் கடை ஏறுவாங்களா?"

இவ்வளவு பேசுகிறவர் டேப்பின் நுனியை மட்டும் சரியாக ஒட்டமாட்டார். "நுனி தூக்கிட்டு நிக்குதுப்பா, அழுத்தட்டுமா?" என்று மகள் கேட்டதற்கு, "அது கிடக்கட்டும் விடு" என்றுவிட்டார்.

மறுநாள் பார்த்தால் மூடி பழையபடி லொடலொட.

இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ. உடம்பு தேறியபிறகு அப்பாவுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. மூடி கழன்று லென்ஸில் ஒரு கீறல் விழுந்தால் அதோடு எல்லாம் போச்சு.

மகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்பா வேலைக்குப் போறது உனக்குப் பிடிக்கலை, அதானே? பிள்ளையையும் கிள்ளிட்டு தொட்டிலையும் ஆட்டுறே. 'அடடா, மறுபடியும் கழண்டுடுச்சா'ன்னு அவர்கிட்ட உச்சுக்கொட்டறது வேற!"

அம்மா கோபப்படவில்லை. குளியலறைப் பக்கம் காதைக் கொடுத்தாள். தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மெதுவா பேசு. ஆறு மாசம் முன்னாடி ஒரு கடைத் திறப்புக்குக் கூப்பிட்டாங்க. நானும் துணைக்குப் போயிருந்தேன். அப்போ இந்த மூடி நல்ல கெட்டி. ரெண்டு பக்கமும் அமுக்கினாத்தான் வரும். உங்கப்பாவால அமுக்க முடியலை. எல்லாரும் சிரிச்ச முகமா நிக்கிறாங்க, இவர் விரல் வழுக்கிட்டே இருக்கு. கடைசியில கடைக்காரர் வந்து திறந்துவிட்டார். வீட்டுக்கு வந்து கேமராவைப் பரண்மேல போட்டவர்தான். ரெண்டு மாசம் அந்தப் பக்கமே திரும்பலை."

இதை மகளுக்கு யாரும் சொல்லவில்லை.

"அப்புறம்?"

"நகம் ராவுற அரத்தை எடுத்து, மூடியைப் பிடிச்சுக்கிற பல்லைத் தேய்ச்சு விட்டேன். தொட்டாலே கையோட வர்ற மாதிரி. அப்புறம் 'என்னை ஒரு போட்டோ எடுங்களேன்'னு கேட்டேன். கல்யாணமாகி முப்பது வருஷத்துல நானா வாய்விட்டுக் கேட்டது அன்னைக்குத்தான். எடுத்தார். 'பாத்தியா, விரல் திரும்பி வந்துடுச்சு'ன்னார். அன்னையிலேருந்து மூடியைத்தான் திட்டறார். திட்டட்டுமே. கையைத் திட்டலையே."

மகள் அம்மாவின் கையிலிருந்த டேப்பை வாங்கிக் குப்பைக்கூடையின் அடியில் தள்ளி, மேலே ஒரு காகிதத்தையும் போட்டாள்.

பள்ளிக்கூடத்துக்கு அவளும் போனாள். நாற்பது பிள்ளைகள், மூன்று வரிசை. அப்பா மூடியைச் சுண்டினாற்போல் எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். முன்னால் நின்றவன் தலைக்குக் கொம்பு வைத்த ஒரு வாலுப் பையனை அதட்டினார். பழைய அப்பா. மகள் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் மறுபடியும் டேப்பும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்.

"வேலைதான் நல்லபடியா முடிஞ்சுதேப்பா. தினமும் எதுக்கு இந்தப் பாடு? விடுங்களேன்."

அப்பா சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தினார்.

"லூசான மூடியை நான் ஒரு நாள் சும்மா விட்டாலும் உங்கம்மாவுக்குச் சந்தேகம் வந்துடும். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுட்டிருக்கா, பாவம்."

டேப்பைச் சுற்றி ஒட்டி முடித்து, நுனியை மட்டும் மெல்ல மடித்துவிட்டார்.

"இப்படி விட்டுடணும். இல்லேன்னா காலையில உரிக்கிறப்போ அவளுக்கு நகம் வலிக்கும்."