மிச்சம் ஒரு ரைட்

“நான் அண்ணங்கிட்டதான கேட்டேன் மதினி? நீங்க எதுக்குப் பதில் சொல்லுதீங்க?”

பிச்சம்மாளின் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பாயில் கிடந்த கோமதிநாயகம் தங்கையைப் பார்த்தார். வாயின் வலது ஓரம் கோணியிருந்தது.

“ரைட்” என்றார்.

“கேட்டியா? கோவமெல்லாம் எப்பவோ தீந்துட்டுங்காவ” என்றாள் ஆவுடையம்மாள்.

“அவ்வளவும் அந்த ஒரு ரைட்டுல இருக்காக்கும்?”

“இருவத்தேழு வருசம் கூடக் கெடந்தவளுக்கு வெளங்காதா?”

பக்கவாதம் அடித்து நாலு மாதம் ஆகிறது. ராஜபாளையம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது எல்லாப் பேச்சும் போய், அந்த ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்கிற ‘ஹோல்டான்’கூட இல்லை.

பதினோரு வருசத்துக்கு முன்னால் பிச்சம்மாள் பவுல்பாண்டியனைச் சர்ச்சில் கட்டிக்கொண்டு இந்த வாசலில் வந்து நின்றாள். கதவைச் சாத்தியது மதினி. அண்ணன் உள்ளேதான் இருந்தார். அவருக்கு அவ்வளவு வைராக்கியம் கிடையாது, எல்லாம் அவள் ஏற்றிவிட்டது என்றுதான் இத்தனை நாளும் பிச்சம்மாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர் சங்கரசுப்பு குனிந்து உள்ளே வந்தார்.

“என்ன அண்ணாச்சி, எப்ப டூட்டிக்கு வாரீய? புதுசா வந்த பய விசில ஊதியே என் காத அடைச்சிட்டான்.”

“ரைட்.”

ஆவுடையம்மாள் சிரித்தாள். “நான் இல்லாம வண்டிய எங்கன கொண்டு போயி முட்டுனேருன்னு கேக்காவ.”

“பேச்சு போயும் குசும்பு போகல பாருங்க!” சங்கரசுப்பு சிரித்தார். போகும்போது துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிச்சம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அண்ணனைப் பேசவிடாதவள், இன்றைக்கு அவருக்கு வாயாகவே ஆகிவிட்டாள்.

பவுல்பாண்டியன் கரிவலம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். காலையில் புறப்படும்போது சொன்னான்: “ரைட்டுங்கிறது லேசுப்பட்ட வார்த்தை இல்ல, பிச்சு. சரிங்கலாம். வலது கைங்கலாம். உரிமைங்கலாம். நேராங்கலாம். ராங்குக்கு அவ்வளவு கெடையாது. தப்பு, அம்புட்டுதான். ஒங்க அண்ணன் எதச் சொல்லுதாருன்னு நீ அவரு மொகத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிடணும்.”

பிச்சம்மாளுக்குத் தெரிந்த அர்த்தம் அவன் சொன்னதில் எதுவுமே இல்லை. கரிவலம் ஸ்டாப்பில் அவள் தனியாக நின்று கை காட்டுகிற நாட்களில், பஸ் வேகம் குறையும். படியில் நிற்கிற அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ‘ரைட்’ என்பார். பஸ் போய்விடும். இதை அவள் புருசனிடம்கூடச் சொன்னதில்லை.

அவள் பாயோரம் குனிந்தாள்.

“அண்ணே, சும்மா தலைய மட்டும் ஆட்டுங்க. எம்மேல கோவமா, இல்லியா?”

தலை ஆடவில்லை. இடது கை பாயைப் பிறாண்டியது.

“ரைட். ரைட்.”

கண்ணிலிருந்து நீர் காதோரமாக இறங்கியது.

ஆவுடையம்மாள் அதைத் துடைத்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“கரிவலம் ஸ்டாப்புல ஒன்ன நிக்க வச்சிட்டுப் போனதுதான் நெஞ்சுல கெடந்து அறுக்குதுங்காவ.”

பிச்சம்மாள் அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் அழுதாள் என்று தெரியவில்லை.

“ஒன் பிள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வந்துருமே, ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போ” என்று ஆவுடையம்மாள்தான் எழுப்பிவிட்டாள்.

தெருமுனை வரைக்கும் போன பிறகுதான் பையைச் சுவர் ஆணியிலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து வாசலில் கால் வைத்தவள் நின்றுவிட்டாள்.

“தண்ணி வேணுமா?”

“ரைட்.”

“இல்ல, திருப்பிப் படுக்க வைக்கணுமா?”

“ரைட்.”

“வலிக்கா? எங்கன வலிக்கி? இங்கனயா? இங்கனயா?”

“ரைட். ரைட்.” கை பாயில் அடித்தது.

“எனக்கு ஒண்ணுமே வெளங்கலியே!” ஆவுடையம்மாள் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “நாலு மாசமாச்சு. ஒரு நா, ஒரு நேரம்கூட நீங்க என்ன சொல்லுதியன்னு வெளங்கலியே எனக்கு. முன்ன எப்பவோ நீங்க சொன்னத வச்சு, வாரவங்களுக்கெல்லாம் நானா ஒண்ணச் சொல்லி அனுப்புதேன். எனக்கு யாரு சொல்லுவா?”

பிச்சம்மாள் சத்தமில்லாமல் தெருவுக்கு இறங்கினாள். நாலு எட்டு தள்ளிப் போய் நின்று இருமினாள்.

“மதினி!”

அவள் உள்ளே வந்தபோது ஆவுடையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்து முடித்திருந்தாள்.

“ரைட்” என்றார் கோமதிநாயகம்.

“பைய விட்டுட்டுப் போறாளேன்னு இப்பதான் சொல்லிக்கிட்டிருந்தாவ” என்றாள் ஆவுடையம்மாள்.

“ஆமா மதினி. எனக்கும் அப்படித்தான் வெளங்குது.”

பிச்சம்மாள் பையை ஆணியிலிருந்து எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு அதே ஆணியில் மாட்டிவிட்டு, பாயின் மறுபக்கம் போய் உட்கார்ந்து, அண்ணனைத் திருப்பிப் படுக்க வைக்க முதுகுக்குக் கீழே கை கொடுத்தாள்.