இனி அசையாது

ராணுவச் சரக்கு விமானத்தின் தரையில் ஓர் இரும்பு வளையம் இருந்தது. அதில் மாட்டியிருந்த நைலான் பட்டைக்கு எப்போதும் ஒரே குறைதான்.

"விமானிக்குக் கைதட்டுகிறார்கள். சுமை சரியாமல் பிடித்துக்கொள்கிற நம்மை யாருக்காவது தெரியுமா?"

"சரிந்தால் தெரியும். பேசாமல் பிடி," என்றது வளையம்.

அவற்றைத் தினமும் தொட்டுப் பார்ப்பவர் சரக்குக் கட்டும் தணிகாசலம் ஒருவர்தான். பட்டையை இழுத்து இறுக்குவார். சுமையை ஒரு தட்டு தட்டி, "இனி அசையாது" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் விமானி எஞ்சினைக் கிளப்புவார்.

ஒருநாள் எல்லையில் சரக்கு இறக்கும்போது குண்டு விழுந்தது. திரும்பும்போது ஒரே ஒரு பெட்டிதான். மேலே கொடி போர்த்தியிருந்தது. கூட வேலை பார்த்த இருதயராஜ் அதைக் கட்டினார்.

"உள்ளே யார்?" என்றது பட்டை.

"தினமும் நம்மைத் தொட்டுப் பார்க்குமே, அந்தக் கை," என்றது வளையம்.

இருதயராஜ் இறுக்கி முடித்தார். தினமும் கேட்ட பழக்கதோஷத்தில் பெட்டியைத் தட்டி, "இனி அசையாது" என்று சொல்லியும்விட்டார். அப்புறம் கையை எடுக்க முடியாமல் அப்படியே நின்றார்.

விமானம் மேலே போனதும், இதுவரை செய்யாத காரியமாக, பட்டை ஒரு நூல் தளர்ந்து கொடுத்துப் பார்த்தது.

பெட்டி அசையவில்லை.